பொறாமைக்கு எங்கே இடம்? ஒனைடா முதல் ட்வின் ஓக்ஸ் வரை

புதன், இரவு, ஒனைடா

பல பேர் ஒரே கூரையின் கீழ், பல பேரைக் காதலித்துக்கொண்டு வாழ்ந்த ஓர் இடத்தையும், இன்னும் அப்படி வாழ அனுமதிக்கிற ஓர் இடத்தையும் பார்க்கக் கிளம்பியிருக்கிறோம். முதலாவது நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா, 1848-ல் தொடங்கி 1881-ல் கலைந்த கம்யூன், அதாவது சொத்தையும் வாழ்க்கையையும் பொதுவில் வைத்துக்கொண்ட கூட்டம். இரண்டாவது வர்ஜீனியாவில் ட்வின் ஓக்ஸ், 1967-லிருந்து இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. கூட வருகிறவள் என் தோழி. அவளும் இன்னும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இரண்டு பேருமே அவளுடைய துணைவர்கள், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எழுதச் சொன்னதே அவள்தான், பெயர் மட்டும் போடாதே என்றாள். நான் ஒருவரோடு மட்டும் வாழ்கிறவள். ஆகவே காரில் பேச்சுக்குப் பஞ்சம் வராது.

பாலியமரி, அதாவது எல்லோருக்கும் தெரிந்தே ஒரே சமயத்தில் பலரைக் காதலிப்பது, பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டே வகைப் பதில்தான் வருகிறது. "அப்போ பொறாமையே வராதா?" என்று ஒரு கூட்டம். "பொறாமை என்பது சமூகம் நமக்குக் கற்றுக்கொடுத்தது, கழற்றிப் போட்டுவிடலாம்" என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சமையல், துணி துவைப்பு, குழந்தை, கணக்குவழக்கு எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நடைமுறையில் இந்தப் பொறாமையை என்னதான் செய்தார்கள் என்று பார்க்க ஆசை.

ஒனைடாவில் அந்தப் பழைய கம்யூனின் வீட்டிலேயே தங்கலாம். 'மேன்ஷன் ஹவுஸ்' என்று பெயர், பெரிய செங்கல் மாளிகை, 1860-களில் எழும்பி அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்துக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதியில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சில அறைகள் விருந்தினருக்கு.

இதை நிறுவியவர் ஜான் ஹம்ஃப்ரி நோய்ஸ். யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர், 1834-ல் தான் பாவத்திலிருந்து முழுதாக விடுபட்டுவிட்டதாக அறிவித்து, பிரசங்கம் செய்யும் உரிமத்தை இழந்தவர். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை கி.பி. 70-லேயே நடந்து முடிந்துவிட்டது, எனவே பரலோக ராஜ்ஜியத்தை இங்கேயே கட்டலாம் என்பது அவர் நம்பிக்கை. பரலோகத்தில் பெண் கொள்வதும் இல்லை கொடுப்பதும் இல்லை என்று வேதத்தில் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு 'எல்லா ஆணுக்கும் எல்லாப் பெண்ணும் மனைவி, எல்லாப் பெண்ணுக்கும் எல்லா ஆணும் கணவன்' என்ற ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். காம்ப்ளெக்ஸ் மேரேஜ் என்று அதற்குப் பெயர்.

தத்துவம் இருக்கட்டும், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அபிகெய்ல் மெர்வின் என்ற பெண், நோய்ஸின் முதல் சீடர்களில் ஒருவர், அவர் உயிராய் நேசித்தவர். அந்தப் பெண் விலகிப் போய் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டது 1837-ல். திருமண முறையே இல்லாமல் போகும் காலம் வரும் என்று நோய்ஸ் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதியதும் அதே ஆண்டு ஜனவரியில்தான். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதடி, எவ்வளவு வலிச்சிருக்கும்" என்றாள் தோழி. வலித்திருக்கும்தான். ஆனால் தன் ஒரு வலிக்கு மருந்தாக 300 பேருக்குச் சட்டம் எழுதினால் என்ன ஆகும் என்பதை நாளைக்குப் பார்க்கலாம்.

வியாழன், ஒனைடா

காலையில் வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். முக்கியமான இடம் பெரிய ஹால். மேடை, மேலே பால்கனி. தினமும் மாலையில் மொத்தக் குடும்பமும் இங்கே கூடும். பாட்டு, நாடகம், நோய்ஸின் பேச்சு. அப்புறம் 'பரஸ்பர விமர்சனம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒருவர் வாய் திறக்காமல் உட்கார வேண்டும், ஒரு குழுவோ சில சமயம் எல்லோருமோ அவருடைய குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார்கள். காய்ச்சல் வந்தவருக்குக்கூட விமர்சனத்தை வைத்தியமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கே அடிக்கடி எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று 'தனி அன்பு'. ஒருவரை மட்டும் அதிகமாக விரும்புவது. கம்யூனில் யார் யாரோடு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒருவரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒட்டிக்கொண்டால் பிரித்துவைப்பார்கள். வேறோர் இடத்தில் இருந்த கிளைச் சமூகத்துக்கு ஒருவரை அனுப்பிவிடுவதும் உண்டு. முழு இரவும் சேர்ந்து தூங்குவதைக்கூட நோய்ஸ் விரும்பவில்லை. இது காதலாக மட்டும் நிற்கவில்லை. குழந்தைகள் பொதுவான குழந்தைகள் வீட்டில் வளர்ந்தார்கள், தாய் தன் பிள்ளையை அதிகம் தேடினால் அதற்கும் விமர்சனம். 1850-களின் தொடக்கத்தில் ஒருநாள், சிறுமிகள் அடுப்பைச் சுற்றி நின்று தங்கள் பொம்மைகளைத் தீயில் போட்டிருக்கிறார்கள். பொம்மை மேல் வைக்கிற பாசமும் தனி அன்புதானாம்.

பொம்மை விஷயம் கேட்டதும் அதற்கு மேல் எனக்குச் சுற்றிப்பார்க்கத் தோன்றவில்லை. வெளியே புல்வெளியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் மருதத் திணையை நினைத்துக்கொண்டேன். தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வருகிறான், தலைவி கதவை அடைக்கிறாள், ஊடுகிறாள், தோழி நடுவில் நின்று சமாதானம் பேசுகிறாள். அந்த ஏற்பாடு நியாயமானது என்று சொல்ல மாட்டேன், ஊர் சுற்றும் உரிமை அவனுக்கு மட்டும்தான். ஆனால் தலைவிக்கு ஊடுவதற்கு உரிமை இருந்தது, அதைக் கேட்க ஆள் இருந்தது, அதற்கென்று ஒரு திணையையே ஒதுக்கியிருந்தார்கள். ஒனைடாவில் ஊடல்தான் குற்றம். கோபித்துக்கொண்டு கதவை அடைத்தால் மறுநாள் மாலை ஹாலில் உட்கார வேண்டியதுதான்.

தோழி வேறு பக்கத்திலிருந்து பார்த்தாள், அதிலும் உண்மை இருக்கிறது. இங்கே ஒரு ஆண் ஒரு பெண்ணை நேரடியாகக் கேட்கக் கூடாது, பெரும்பாலும் வயதில் மூத்த பெண் ஒருவர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். முகத்துக்கு நேரே மறுக்கிற சங்கடம் இல்லாமல் அந்தப் பெண் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். கர்ப்பமாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆண் தலையில், விந்து வெளியேறாமல் தடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதி வேலை செய்தது, முதல் இருபது வருடத்தில் பிறந்த குழந்தைகள் மிகக் குறைவு. பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, குட்டைப் பாவாடைக்குக் கீழே கால்சட்டை போட்டுக்கொண்டு, தொழிற்கூடத்திலும் கணக்கிலும் வேலை பார்த்தார்கள். "1850-ல வெளியில இருக்கிற பொண்டாட்டி புருஷன்கிட்ட வேண்டாம்னு சொல்ல முடியுமா? சட்டமே இடம் தராது" என்றாள். சரிதான்.

ஆனால் அந்த 'வேண்டாம்' எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் கேள்வி. பருவ வயதுப் பெண்களை மூத்த ஆண்களோடு சேர்த்துவைப்பது 'ஆன்மிக உயர்வு' என்ற பெயரில் நடந்தது, நோய்ஸே அதில் முதலில் நின்றார். அதற்கு நான் எந்தச் சலுகையும் தரத் தயாரில்லை, அது குற்றம், அவ்வளவுதான். 1869-ல் யார் யாரோடு குழந்தை பெறலாம் என்பதையே திட்டமிட ஆரம்பித்தார்கள். அப்போது 53 இளம் பெண்கள் கையெழுத்திட்ட ஒரு தீர்மானம் இருக்கிறது. நாங்கள் எங்களுக்கே உரியவர்கள் அல்ல, முதலில் கடவுளுக்கும் அடுத்து நோய்ஸுக்கும் உரியவர்கள் என்பது அதன் சாரம். பத்து வருடத்தில் 58 குழந்தைகள் பிறந்தன. யாரும் யாருக்கும் சொந்தமில்லை என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

டிர்சா மில்லர் என்று நோய்ஸின் தங்கை மகள் ஒருவர். அவர் டைரி தப்பிப் பிழைத்து அச்சிலும் வந்திருக்கிறது. எட்வர்ட் இன்ஸ்லி என்ற இசைக்கலைஞரை அவர் காதலித்தார், அவருக்குக் குழந்தையும் பெற்றார். தனி அன்பு என்று இருவரையும் பிரித்தார்கள், இன்ஸ்லி கடைசியில் கம்யூனை விட்டே போய்விட்டார். டிர்சாவோ ஒரு பக்கம் கொள்கையை முழுதாக நம்புகிறவர், இன்னொரு பக்கம் இவனை விட முடியாமல் தவிக்கிறவர். என்னைக் கேட்டால் இந்த வீட்டில் பொறாமை ஒழியவே இல்லை. காதலர்கள் கையிலிருந்து பிடுங்கி, நிறுவனம் அதை எடுத்து வைத்துக்கொண்டது. உலகத்திலேயே பொசசிவான கணவன் யார் என்றால் இந்தக் கம்யூன்தான், உறுப்பினர் யார் மேலாவது கொஞ்சம் அதிகமாக அன்பு வைத்தாலும் அதற்குத் தாங்காது.

மற்ற டைரிகள்? 1947-ல் கம்பெனிக்காரர்கள் லாரி லாரியாகக் காகிதங்களை எடுத்துப் போய் எரித்துவிட்டார்கள். ஆமாம், கம்பெனி. அதை நாளைக்குச் சொல்கிறேன்.

வெள்ளி, 81-ஆம் எண் நெடுஞ்சாலை

முழு நாளும் கார். பென்சில்வேனியா மலைகளைத் தாண்டி நேரே தெற்கே. சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை.

ஒனைடா எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். நோய்ஸுக்கு வயதாகிறது, மகன் தியோடருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது, இளையவர்களுக்கு ஜோடியாக வாழ ஆசை, வெளியே பாதிரிமார்கள் பிரசாரம். சிறுமிகள் விஷயத்தில் கைதாகிவிடுவோம் என்று பயந்து 1879 ஜூனில் நோய்ஸ் கனடாவுக்கு ஓடிப்போனார், 1886-ல் இறக்கும்வரை அங்கேதான். ஓடிப்போன அதே 1879 ஆகஸ்டில் அவரே கடிதம் எழுதி, காம்ப்ளெக்ஸ் மேரேஜை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினார்கள். 1881 ஜனவரி 1-ல் கம்யூன் பங்கு நிறுவனமாக மாறியது. முதலில் விலங்குப் பொறி, பட்டு நூல், அப்புறம் ஸ்பூன், முள்கரண்டி. பல வீட்டு மேஜையில் இருந்த 'ஒனைடா' கரண்டி இவர்கள் செய்ததுதான். அப்படியொரு கௌரவமான கம்பெனிக்குத் தாத்தா பாட்டிகளின் படுக்கையறை டைரி தேவைப்படவில்லை போல.

எனக்கு இதில் மனதை உறுத்துவது 1879 இலையுதிர்காலம். திடீரென்று எல்லோரும் அவசரமாக ஜோடி சேர்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை, இரண்டு அப்பா, அதில் ஒருவர் ஏற்கனவே பழைய கணக்கில் வேறொருத்தியின் கணவர். யாரை மணப்பது? யாருமே கேட்காமல் விட்டுப்போன பெண்களும் இருந்தார்கள். முப்பது வருடம் எல்லோருக்கும் எல்லோரும் என்று இருந்துவிட்டு, ஒரே நாளில் நாற்காலி விளையாட்டு மாதிரி பாட்டு நின்றுவிட்டது.

ஒரு துணுக்கு. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ இந்த ஒனைடாவில் சில வருடம் இருந்தவன். எல்லோரும் எல்லோரையும் நேசிக்கலாம் என்ற இடத்திலும் அவனை ஒரு பெண்ணும் விரும்பவில்லை. எல்லாக் கதவும் திறந்திருக்கிற வீட்டில் தன் முகத்துக்கு மட்டும் மூடப்படுவதைப் போல ஒரு நிலை இருக்கிறதே, அதைப் பற்றிப் பாலியமரி ஆட்கள் அதிகம் பேசுவதில்லை என்றேன். தோழி கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினாள். "பேசுவோம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பேசுவோம்" என்றாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். அவர்கள் வீட்டில் சண்டை வருவது யார் யாரோடு படுக்கிறார்கள் என்பதற்காக அல்ல. ஒருவன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது இன்னொருவனோடு ஏற்கனவே போட்டிருந்த திட்டத்தை இவள் ரத்து செய்தாள், அதிலிருந்து அந்த இன்னொருவன் "எனக்கு ஜுரம் வந்தா யாரோட திட்டம் ரத்தாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஜுரம் இன்னும் வரவில்லை, கேள்வி மட்டும் வீட்டில் இருக்கிறது.

சனி, ட்வின் ஓக்ஸ்

லூயிசா கவுண்டி, மண் சாலை, மரங்கள். சனிக்கிழமை பிற்பகல் பார்வையாளர் சுற்று இருந்தது, அதற்கு முன்பே சொல்லிவைத்திருந்தோம். 1967-ல் 8 பேர், பழைய புகையிலைப் பண்ணை ஒன்றில், பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் நாவல் ஒன்றைப் படித்த வேகத்தில் தொடங்கிய இடம். இப்போது சுமார் 450 ஏக்கர், நூறு பேர் அளவில் இருக்கிறார்கள். வருமானம் பொது. வாரத்துக்கு சுமார் 42 மணி நேரம் வேலை, அதில் சமைப்பது, துணி துவைப்பது, குழந்தை பார்ப்பது எல்லாமே வேலையாகக் கணக்கில் வரும், டோஃபு (சோயா பாலிலிருந்து செய்கிற பனீர் மாதிரி ஒன்று) செய்கிறவருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் ஒரு மணி ஒரு மணிதான். ரொம்ப காலம் கயிற்றுத் தொங்கு படுக்கை பின்னித்தான் பிழைத்தார்கள். 2024 மார்ச்சில் காட்டுத்தீ வந்து கிடங்கெல்லாம் போய்விட்டது.

கட்டடங்களுக்குப் பழைய கம்யூன்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று 'ஒனைடா'. தோழி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள், எனக்கு மனம் வரவில்லை.

காதல் விஷயத்தில் இங்கே சட்டமே கிடையாது. ஒருவரோடு ஒருவராக வாழ்கிறவர்கள் உண்டு, பலரோடு வாழ்கிறவர்கள் உண்டு, தனியாக இருப்பவர்கள் உண்டு. உடைக்குக்கூட ஒரு பொது அலமாரி இருக்கிறது, வேண்டியதை எடுத்து உடுத்தி, திரும்பப் போட்டுவிடலாம். கார் பொது, சைக்கிள் பொது. ஆனால் அறை மட்டும் பொது இல்லை. வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தனி அறை, ஜோடியாக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் பொதுவில் போட்டவர்கள் இந்தக் கதவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அங்கே பிடித்த விஷயம் இதுதான். இன்றைக்கு இவன் யாரோடு இருக்கிறான் என்பது தெரிந்தாலும், உன் படுக்கையிலிருந்து உன்னை யாரும் எழுப்பி அனுப்ப முடியாது.

சுற்று முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஓர் உறுப்பினரோடு பேச்சுக் கொடுத்தேன், வெகுகாலமாக இருப்பவர். பொறாமை பற்றிக் கேட்டேன். வரும் என்றார். பாலியமரி பேசிக்கொண்டே வருகிற புது ஜோடிகள் இங்கே வந்த சில மாதத்தில் பிரிவதைப் பார்த்திருக்கிறாராம். இங்கே பிரிவு என்றால் வேறு ஊருக்குப் போவது அல்ல. காலையில் அதே கூடம், அதே வரிசை, முன்னால் நின்று தட்டை எடுப்பது பிரிந்துபோன அவர்தான், அவர் பக்கத்தில் அவருடைய புதுத் துணை, மதியம் டோஃபு கூடத்தில் மூன்று பேருக்கும் ஒரே ஷிஃப்ட். "அப்போ என்ன செய்வீர்கள்?" என்றேன். வேலை ஒதுக்குகிறவரிடம் சொல்லி ஷிஃப்டை மாற்றிக்கொள்வோம், கொஞ்ச நாள் சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போவோம் என்றார். இதைத் தவிர அவரிடம் தத்துவம் எதுவும் இல்லை. கேட்க எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். வெளியே இருக்கிறவர்களுக்குப் பிரிவு என்றால் வாடகை, வங்கிக் கணக்கு, குழந்தை யாரிடம் என்ற பயம் எல்லாம் சேர்ந்து வரும், இங்கே சோறும் கூரையும் போகாது, எனவே மனசு மட்டும்தான் உடையும். தோழி அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். நான் குறித்துக்கொண்டது வேறு: கம்யூனை விட்டு வெளியேறுகிறவர் கையில் அதிகம் எதுவும் இருக்காது. உடைந்த மனதோடு அங்கேயே இருப்பது சுலபம், எழுந்து போவதுதான் கஷ்டம்.

ஞாயிறு, விமான நிலையம் போகும் வழி

இன்று முழுக்க கெரிஸ்டா பற்றிச் சண்டை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1971 முதல் 1991 வரை இருந்த கம்யூன், நேரில் பார்க்க இப்போது ஒன்றும் மிச்சம் இல்லை, கதைதான். சில பேர் சேர்ந்து ஒரு குடும்பம், அதற்குள் எல்லோரும் எல்லோருக்கும், வெளியே யாரும் கிடையாது. பாலிஃபிடெலிட்டி என்ற பெயரே அவர்கள் கொடுத்தது. யார் எந்த இரவு யாரோடு என்பதற்குச் சுழற்சி அட்டவணை வைத்திருந்தார்கள், யாரையும் அதிகம் விரும்பக் கூடாது என்பதற்காக. தன் துணை இன்னொருவரோடு சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மனநிலைக்குப் பாலியமரி ஆட்கள் இன்று 'கம்பர்ஷன்' என்கிறார்களே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

தோழிக்கு அட்டவணை பிடித்திருக்கிறது. "யாரையும் கெஞ்ச வேண்டாம், யாரும் விட்டுப்போக மாட்டாங்க. கிட்டோ மாதிரி ஒருத்தன் மூலையில கிடக்க மாட்டான்" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டவணைப்படி வருகிறவன் என்னைத் தேடி வருகிறானா, செவ்வாய்க்கிழமை என்பதால் வருகிறானா? ஒனைடாவில் விமர்சனக் குழு செய்த வேலையைக் கெரிஸ்டாவில் ஒரு தாள் செய்தது, இரண்டுமே ஒருத்திக்கு ஒருவனைக் கூடுதலாகப் பிடித்துப்போவதற்குப் பயந்தவர்கள் போட்ட ஏற்பாடு. ட்வின் ஓக்ஸ் மட்டும்தான் அதைப் பயப்படாமல் விட்டிருக்கிறது, அதனாலோ என்னவோ அங்கே கண்ணீரும் அதிகம், ஐம்பது வருடத்துக்கு மேல் நிற்கவும் நிற்கிறது.

"நீ சொல்றதப் பார்த்தா ஒருத்தனோட இருக்கிறதுதான் நல்லதுன்னு முடிப்பே" என்றாள். இல்லை, அப்படி முடிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஒருவனோடு மட்டும் வாழும் என் வீட்டிலும் அலுவலகம், அவனுடைய நண்பர்கள், அவனுடைய அம்மா என்று என் நேரத்துக்குப் போட்டிக்கு ஆள் இருக்கத்தான் செய்கிறார்கள், அவர்கள்மேல் வருவதற்குப் பொறாமை என்று யாரும் பெயர் வைக்காததால் நான் மரியாதையாகச் சண்டை போட முடிகிறது. பல துணை வைத்திருக்கிறவர்களிடம் எனக்குக் கேட்க இருப்பது இரண்டே கேள்விதான். உன் வீட்டில் 'எனக்குப் பொறாமையா இருக்கு' என்று ஒருவர் சொன்னால் அவரை வளராதவர் என்று பார்க்கிறீர்களா? அவர் எழுந்து போக நினைத்தால் கையில் காசும் போக இடமும் இருக்கிறதா?

முதல் கேள்விக்குத் தோழி உடனே பதில் சொன்னாள், சில சமயம் அப்படிப் பார்க்கிறோம் என்று. இரண்டாவதுக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று யோசித்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் மற்ற இரண்டு பெயரையும் அதில் சேர்க்கச் சொல்கிறேன் என்றாள். ஜுரக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லையாம். அதற்கு நான் ஒரு யோசனை சொன்னேன், திட்டினாள், எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.